வைத்திருத்தல்

பேரணாம்பட்டு துணை அஞ்சலகத்தில்
உரிமத்துக்கென்று தனி ஜன்னல் கிடையாது.
மணியார்டர் ஜன்னலே
மூன்று மணிக்கு மேல் உரிம ஜன்னல்.
இரண்டுக்கும் நான்தான்.

ஜுலேகா வந்த அன்று
பசைக் கிண்ணத்தில் எறும்பு மிதந்தது.
தோல் ஷெட்டில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது.

"டிவி இருக்கு சார். மெட்ராஸ் வராது.
லைசென்ஸ் வேணுமா?"

மெட்ராஸ் எப்படி வரும்.
நடுவில் அத்தனை மலை.
வேலூரிலேயே நாற்பதடிக் குழாய் நட்டவர் வீட்டில்
செய்தி வாசிப்பவர் மாவு மழையில் நனைகிறார்.
இங்கே மாவு மட்டும்தான் விழும்.

அப்புறம் எதற்கு டிவி என்றேன்.

டெக் இருக்கிறதாம்.
கேசட் ஒன்றே ஒன்று.
தம்மாமில் சிநேகிதர் கேமராவில் பிடித்தது.
இரும்புக் கட்டிலில் அவள் வீட்டுக்காரர் அக்தர்
நாற்பது நிமிஷம் பேசுகிறார்.
நடுவில் யாரோ கதவைத் திறந்து
மன்னிப்புக் கேட்டு மூடுகிறார்.

"பெரியவளுக்குக் காது குத்தியாச்சான்னு கேப்பாரு.
கேட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருப்பாரு.
நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள
அடுத்ததுக்குப் போயிடுவாரு.
அதனால நிறுத்தி வெச்சு சொல்லிட்டு
மறுபடி ஓட விடுவேன்."

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"இது நடந்து முடிஞ்சது தானே சார்.
இப்ப நடக்கிறது இல்லையே.
முடிஞ்சதுக்குமா லைசென்ஸ்?"

புத்தகத்தை எடுத்தேன்.
முப்பத்து மூன்றாம் வருஷத்துச் சட்டம்,
வெள்ளைக்காரன் எழுதியது.
அதில் பார்த்தல் இல்லை. கேட்டல் இல்லை.
வைத்திருத்தல் என்று ஒரு சொல்.
ஏரியல் இல்லாமல் வைத்திருந்தாலும்
அட்டைப் பெட்டியோடு பரணில் வைத்திருந்தாலும்
வாங்கிக்கொள்ள முடிகிற கருவி என்றால் கட்ட வேண்டும்.
தண்ணீர் இல்லாத கிணற்றுக்கும்
பட்டாவில் கிணறு என்றுதானே பெயர்.

போஸ்ட் மாஸ்டர் கோதண்டம்
தலை நிமிராமல் சொன்னார்:
"புடிக்கிற யோக்யதை இருந்தா போதும்மா,
புடிக்கணும்னு இல்ல."

"யோக்யதைக்கா சார் காசு?"

அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

என் வீட்டில் ஒரு ரேடியோ.
வால்வு போய் மூன்று வருஷம்.
அதன் மேல்தான் சீப்பும் பவுடரும் இருக்கும்.
அதற்கும் தவறாமல் கட்டுகிறேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து பத்து ரூபாய்த் தாள்கள்.
ஒன்று கிழிந்து, ரசீதுத் துண்டால் ஒட்டியிருந்தது.
நோக்கம் என்ற கட்டத்தில்
வீட்டு உபயோகம் என்று எழுதி
முத்திரை குத்தினேன்.

மறு வருஷமும் வந்தாள்.
புது கேசட் வந்ததா என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"அதேதான் சார்.
அவர் அதையேதான் கேக்கறாரு.
நான்தான் இப்ப வேற சொல்றேன்.
காது குத்தியாச்சு. கம்மல் ஒண்ணு தொலைஞ்சுபோச்சு.
அதையும் சொல்லிட்டேன்."

அதற்கடுத்த மழைக்காலத்தில்
எங்கோ கம்பம் நட்டார்கள்.
ஒரே வாரத்தில் ஷெட் தெரு முழுக்க
அலுமினிய மீன்முட்கள்.
காக்கைகளுக்கு உட்கார வசதி.
அவள் வீட்டு மாடியிலும் ஒன்று,
காற்றடித்தால் ஆந்திராவைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும்.

புத்தகமும் கையுமாக வந்தாள்.

"இப்ப மெட்ராஸும் வருது சார்.
கூட எவ்வளவு கட்டணும்?"

கூட ஒன்றும் இல்லை, அதே ஐம்பதுதான் என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப அந்த ரெண்டு வருஷம்
எதுக்குக் கட்டினேன்?"

முத்திரைக் கட்டை கையில்.
ஊதா மை விரலில் இறங்குகிறது.
புத்தகத்தில் இதற்கு ஷரத்து இல்லை.
அக்தர் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாரே,
அவ்வளவு நேரம் நானும் சும்மா இருந்தேன்.

பிறகு அடுத்ததுக்குப் போனேன்.
பின்னால் நின்றவருக்கு ஒரு கார்டு,
இரண்டு இன்லாண்டு.