கூடம் கோணல்

என் மணிக்கட்டுக்கு ஒரே ஒரு வளைவுதான் வரும்.
இடக்கீழே தொடங்கி வலமேலே முடியும்,
கதவைத் தள்ளித் திறப்பதுபோல.
வேறு வளைவு வேண்டுமென்றால்
திரையில் தாளைத் திருப்பிக்கொள்வேன்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
நான் கூடத்தைக் கோணலாக்கிவிட்டுத்தான்
ஆடவே எழுந்திருக்கிறேன்.

ரோஹுக்குலா துறைமுகம். நவம்பர்.
நான்கு மணிக்கே இருட்டு.
ஹீயுமா தீவுக்குப் போய்வரும் கப்பலுக்குத்
தீப்பிடித்தால் தப்பும் வழியை வரைகிற வேலை.
ஒரே தளம், பதினான்கு சுவர்கள்,
ஏழு இந்தப் பக்கம் பார்த்து, ஏழு அந்தப் பக்கம்.
நிற்பவருக்கு எதிரே இருப்பது
படத்தில் மேலே இருக்க வேண்டும்.
விதி அவ்வளவுதான்.
புகைக்குள் இருமிக்கொண்டு நிற்பவரிடம்
இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள்
என்று சொல்ல முடியாது.

இரண்டாவது ஏழுக்கு நூற்றெண்பது டிகிரி.
திருப்பினேன்.
மாடிப்படி, காப்பிக் கடை, மிதவைச் சட்டைப் பெட்டி
எல்லாம் ஒரு சுற்று வந்து
எதிரெதிராக உட்கார்ந்தன.
எழுத்துகள் மட்டும் கவிழ்ந்து கிடக்க,
ஒவ்வொன்றாகத் தூக்கி நிமிர்த்தினேன்,
அறுபத்திரண்டு சொற்கள்.
சேமித்தேன். அனுப்பினேன். தூங்கினேன்.

மூன்றாம் நாள்
பல் துலக்கும்போது உறைத்தது:
நான் திருப்பியது படத்தை அல்ல,
பார்வையை.
கோப்புக்குள் ஒரு புள்ளிகூட நகரவில்லை.
தலையைச் சாய்த்தது நான்.
அச்சு இயந்திரத்துக்குக் கழுத்து கிடையாது.
நிமிர்த்திய அறுபத்திரண்டு சொற்களும்
இந்நேரம்
தாளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.
தப்பும் வழி
நேராகக் காப்பிக் கடைக்குள் போயிருக்கும்.

தொலைபேசியில் யாரும் திட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
சனிக்கிழமை சீட்டு வாங்கிக் கப்பலேறினேன்.
ஏழு படங்களும் சரியாக இருந்தன.
அம்பு கதவைக் காட்டியது. கதவு அங்கேதான் இருந்தது.

சட்டம் மாட்டிய தைவோ
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"எழுத்து தலைகீழாக வந்திருந்தது.
திருப்பி மாட்டினேன்."
வேறொன்றும் சொல்லவில்லை.
நான்கு திருகாணி, ஒரு தாள், இரண்டு கை.
நான் கோப்பில் செய்யாமல் விட்டதை
அவர் சுவரில் செய்துவிட்டார்.

ஒன்று மட்டும் தப்பவில்லை.
கம்பெனிச் சின்னமான கடற்பறவையைக்
கீழ்மூலையில் பூட்டி
மறைத்து வைத்திருந்தேன், கண்ணை உறுத்துகிறதென்று.
கடைசியில்தான் காட்டச் சொன்னேன்.
இப்போது ஏழு படங்களிலும்
மேல்மூலையில்,
காலை வானத்துக்கு நீட்டி,
மல்லாந்து பறக்கிறது.

சொல்லலாமா என்று யோசித்தேன்.
சொல்லவில்லை. பணம் வந்தது.

இந்தக் கப்பலுக்கு முன்னும் பின்னும் இல்லை.
துறையில் திரும்பவே திரும்பாது,
வந்தபடியே போகும்.
போகையில் மூக்காக இருந்தது
வருகையில் வால்.
அதே நாற்காலி, அதே காப்பிக் கறை,
நான்தான் இப்போது பின்னோக்கிப் போகிறேன்.

நேற்று எதிர் இருக்கையில் ஒரு பையன்,
பச்சைக் குல்லாய்.
படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன்
மெல்ல மெல்லச் சரிந்து,
இருக்கை விளிம்பில் தலை தொங்க,
காலை முதுகுச்சாய்வில் போட்டுக்கொண்டான்.
"ஊகு, நேராக உட்கார்" என்றாள் அம்மா,
கைபேசியிலிருந்து கண் எடுக்காமல்.

"உட்கார்ந்துதான் இருக்கேன்" என்றான்.
"பறவை இப்பதான் பறக்குது."