ரெட் ஆக்சைடு

முதுநகரில் இரும்பு மூன்று மழைக்கு மேல் தாங்காது.
துறைமுகச் சாலையில் எங்கள் பட்டறை.
உப்பங்கழியிலிருந்து வருகிற காற்று
வெல்டிங் வைத்த சூடு ஆறுவதற்குள்
ஜன்னல் கம்பியை நக்கிப் பார்க்கும்.
இருபத்திரண்டு வருஷமாக
நான் அதோடு பேசுவதெல்லாம்
உப்புத்தாளாலும் ரெட் ஆக்சைடு டப்பாவாலும்தான்.

அதனால் அஞ்சலாட்சி
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்து
"உடம்புக்குள்ளயும் துரு பிடிக்குமாம்"
என்றபோது சிரிப்பு வந்தது.
எங்கே, காட்டு என்றேன்.
கண்ணைக் காட்டினாள்.
இடது கண்ணில் மெல்லிய புகை.

சர்க்கரைக்காரர்களுக்கென்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்.
படத்தில் நீலநீலமாய் ஏதோ பழம்,
பச்சைக் குடை மாதிரி ஒரு பூ.
இரண்டையும் பேனாவால் அடித்துவிட்டு
ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்:
முருங்கைக்கீரை. அரைநெல்லி. வாழைப்பூ.
முந்திரிப்பழம், கொஞ்சம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பாப்புலியூர் மார்க்கெட்.
முருங்கைக்கீரைக்கு யாராவது காசு கொடுப்பார்களா?
கொடுத்தேன், கட்டு பதினைந்து.
முந்திரிப்பழம் மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.
"அத யாரு விக்கிறா" என்றான் எலுமிச்சைக்காரன்.
"காடாம்புலியூர் பக்கம் போ.
கொட்டைய திருகிட்டுக் கீழதான் போட்டிருப்பாங்க.
மாடு தின்னும்."

போனேன். பெட்ரோல் நூறு ரூபாய்.
தோப்பு முழுக்கப் புளித்த வாசனை, ஈ.
கொட்டை கப்பலேறி எங்கெங்கோ போகிறது.
பழம், விழுந்த இடத்திலேயே.
தனவல்லி என்று யாரோ கூப்பிட்ட பெண்
பதினொன்று பொறுக்கிப் பையில் போட்டு
"காசா? இதுக்கா?" என்றாள்.
"சட்டையில படாம பாத்துக்க, கறை போவாது."
பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.
"ஒனக்கென்ன."

தானே புயலில் சாய்ந்த மரமொன்று
படுத்த வாக்கிலேயே தழைத்துக் காய்த்திருந்தது.
அதில் நாலு, நானே பறித்தது.

சாயங்காலம் அஞ்சலாட்சி இறால் கொட்டகையில்.
வாழைப்பூவை மடி மேல் வைத்துக் கள்ளன் எடுத்தேன்.
நறுக்க நறுக்கக் கறுத்தது,
இந்தப் பக்கம் முடிப்பதற்குள் அந்தப் பக்கம்.
இந்த அவசரம் எனக்குப் பழக்கம்.
தேய்த்த தகட்டை விட்டுவிட்டு டீக்குப் போனால்
திரும்பும்போது சிவந்திருக்குமே, அதே அவசரம்.
மோரில் போட்டேன். நின்றது.
எல்லா வீட்டிலும் மோரில்தான் போடுகிறார்கள்,
யாரும் அதைப் பிரைமர் என்று சொன்னதில்லை.

பிரைமர் துருவை ஜெயிக்காது.
கிரில் வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லமாட்டோம்.
ஓர் ஐப்பசியைத் தள்ளிப்போடும்.
கையில் தெம்பிருந்தால் இன்னொன்றையும்.

எட்டரைக்கு வந்தாள், இறால் வாடையோடு.
முந்திரிப்பழத்தை வட்டமாய் அரிந்து
உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருந்தேன்.
இருவருக்கும் தொண்டையைப் பிடித்தது.
இருமிக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தாள்.
"கீரையில மண்ணு" என்றாள்.
எங்கள் ஜன்னல் கம்பி பொரிந்து உதிர்ந்ததோ என்னவோ,
அதற்கு இன்னும் ஒரு கோட்டும் அடிக்கவில்லை.

பிறகு தட்டை விளக்கடியில் தூக்கி
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்,
மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"வாழப்பூ கறுக்கல" என்றாள்,
"எந்தக் கண்ணுல பாத்தாலும்."