வாடை

வாட்ஸ்அப்பில்தான் வந்தது, இரவு பதினொன்றே காலுக்கு:
நாளை முதல் நீங்கள் பி அணி.
காரணம் இல்லை. கைகூப்பும் பொம்மை ஒன்று.

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
எதிரெதிரே உட்கார்ந்து சதை பிரித்த
பிரகாசியும் நானும் இப்போது வேறு வேறு ஷிப்ட்.
வாசலில் அவள் வர, நான் போக,
"சாப்ட்டியா" என்பதோடு சரி.

கம்ப்ரஸர் இருமினால்
தூக்கத்திலும் எழுந்து ஓடுவார் சீனிக்காதர்.
பதினாறு வருஷம்.
அவரைக் கேட்டில் நோட்டெழுத வைத்தார்கள்.

யாருக்காவது சந்தேகமா, கூட்டத்தில் மேனேஜர் கேட்டார்.
எல்லோரும் செருப்பைப் பார்த்தோம்.

சனி இரவு அந்த இருமல்.
எனக்குக் கேட்டது.
கேட்டில் அவருக்கும் கேட்டிருக்கும்,
லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.
என் தட்டில்
இன்னும் ஒரு நண்டு மிச்சமிருந்தது.

விடியும்போது வாடை வந்தது.
கடலிலிருந்து அல்ல.