வேற மாத்திரை எதுவும்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்
என் தொண்டையைத் தெரியாத ஆளில்லை.
திண்டுக்கல் வத்தலக்குண்டு பெரியகுளம் தேனி என
ஒரே மூச்சில் ஊர்களைக் கோத்து மைக்கில் விடுவேன்.
மூட்டைமேல் உறங்குகிறவன்
தன் ஊர்ப் பேருக்கு மட்டும் கண் திறப்பான்.

மருந்துக்கடையில் நின்றபோது
ஒரே ஒரு பேர் வரவில்லை.

கடைவாய்ப் பல்லில் வலி.
தாடை வீங்கி, போடி வண்டியை
‘போதி’ என்று அறிவித்த நாள்.
‘வலிக்கு ஒண்ணு குடு தாயி.’
ஜெமிலா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே கேட்டாள்:
‘வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களாண்ணே?’

பின்னால் குமுளி வண்டி டிரைவர் பவுன்ராசு,
இருமல் மருந்துக்கு.
அவனுக்குப் பின்னால் முறுக்குக்காரர்.

பதினோரு மாதமாக
பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்
ஒளிந்து கிடக்கிறது ஒரு வெள்ளை மாத்திரை.
அது வந்த பிறகுதான்
விடிகாலை நாலு மணி
எனக்கு வெறும் நாலு மணியானது.
அதற்கு நன்றி சொல்ல வேண்டிய வாய்
‘இல்லை’ என்றது.

வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டில்
பேரில் பாதி அவள் பக்கம் போயிருந்தது.

பல் அடங்கியது. நான் அடங்கவில்லை.
காலையில் ஒன்று, ஷிப்டு முடிந்து ஒன்று,
வெறும் வயிற்றில், டீயோடு.
ஒன்பது நாள். மூன்று கடை.
பத்தாம் நாள் கக்கூசில்
இப்போதுதான் போட்ட பைபாஸ் ரோடு போலக்
கறுப்பாக, பிசுபிசுவென்று.
நேற்று கருப்பட்டி தின்றாயே என்று
எனக்கே ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாவது பிளாட்பாரம் சாய்ந்தது.

பெரியாஸ்பத்திரியில் குழாய் இறக்கிப் பார்த்தார்கள்.
‘என்னென்ன மாத்திரை?’ என்றாள் டாக்டர் பிள்ளை.
அதே கேள்வி. பின்னால் யாருமில்லை.
சொன்னேன்.

வலி மாத்திரை வயிற்றின் உள்தோலை அரிக்குமாம்.
ராத்திரி மாத்திரை, ரத்தம் உறைந்து அடைபடுவதைக்
கொஞ்சம் மந்தமாக்குமாம்.
தனித்தனியே நல்ல வண்டிகள்.
ஒரே தடத்துக்குள் இரண்டையும் விட்டது நான்.
இருபது வருச டைம் கீப்பர்.
சிரித்துவிட்டேன்; அவளுக்கு விளங்கவில்லை.

‘அப்ப ராத்திரி மாத்திரைய நிறுத்திரவா?’
‘நீங்களா நிறுத்தாதீங்க. அது வேற பள்ளம்.
பெரும்பாலும் பாராசிட்டமால் போதும், அதையும் எண்ணித்தான்.
சளி மாத்திரைக்குள்ளயும் அது இருக்கும், அட்டையைப் படிங்க.
எந்தக் கடைக்குப் போனாலும்
முதல்ல அந்தப் பேரச் சொல்லுங்க.’

அந்தப் பேரை.

மூன்று வாரம் கழித்து முதுகுப் பிடிப்பு.
அதே கடை, அதே கத்தரிக்கோல்.
என் கெட்ட நேரம், பின்னால் அதே பவுன்ராசு.
ஜெமிலா வாய் திறக்குமுன்
‘செர்ட்ராலின் அம்பது, ராத்திரிக்கு ஒண்ணு,
வயித்துல ஒருக்கா ரத்தம் போயிருக்கு’ என்றேன்.
மைக் இல்லாமலே முறுக்குச் சட்டி வரை கேட்டது.
செர்ட்ராலின்,
ஆண்டிபட்டிக்கு அப்பால்
ஏதோ ஒரு நிறுத்தம் போல ஒலித்தது.
யாரும் இறங்கவில்லை. யாரும் திரும்பவில்லை.
கடை ரேடியோ மட்டும் தங்கம் விலை சொன்னது.

அவள் எடுத்த அட்டையைத் திரும்ப வைத்தாள்.
வேறொன்றை எடுத்தாள். நாலே நாலு.
பேர் முழுசும் என் பக்கம் வரும்படி வெட்டினாள்.
‘குறையலன்னா டாக்டர்ட்ட போங்க, இங்க வராதீங்க.’

ஒன்பது நாற்பது. குமுளி வண்டி உறுமி நிற்கிறது.
பவுன்ராசு இன்னும் எடுக்கவில்லை.
கண்டக்டர் விசிலடித்துப் பார்த்துவிட்டு
வெற்றிலைக்குப் போய்விட்டான்.
சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
என்னையல்ல, கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிறான்:

‘கடையில என்னமோ பேரு சொன்னியே…
எனக்கும் இடுப்புக்கு அடிக்கடி வாங்குறேன்.
மெதுவாச் சொல்லு.’

மைக்கை அணைத்தேன்.