முப்பது ரூபாய்ச் சரிவு

எங்கள் மலைக்கு வழக்கு எண் உண்டு.
கொள்ளிடத்தில் அள்ளிக் கரையில் குவித்து
லாரி வருமுன் தடையாணை வந்த மணல்.
நாற்பதடி.
நீலத்தநல்லூரில் அதைவிட உயரம்
செல்போன் கோபுரம் ஒன்றுதான்.

கொழுந்தன் மதியழகன்
மணாலியில் மூன்று வருஷம் ரொட்டி சுட்டுவிட்டு
ஒரு ஜோடி சறுக்குக்கட்டையோடு வந்தான்.
அதிலும் ஒன்று ஒடிந்தது.
மற்றதெல்லாம்
பாலம் வந்தபின் கரையேறிய தோணியை அறுத்துச் செய்தது.
அடிப்பக்கம் தேய்க்க
வேளாங்கண்ணியில் எரிந்து மிஞ்சிய மெழுகு, கிலோ எண்பது.
பவர் டில்லரின் சக்கரத்தைக் கழற்றி
நைலான் கயிற்றைச் சுற்றினார் இவர்.
ஆளை மேலே இழுக்க அதுதான்.
மாமனார் வாட்ச்மேனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு
‘கலியபெருமாள் மலைவாசஸ்தலம்’ என்று
போர்டு எழுதி மாட்டினார்.
டிக்கெட் நான். சுண்டலும் நானே.

முதல் ஞாயிறு பதினோரு பேர்.
காணும் பொங்கலன்று முந்நூற்று நாற்பது.
அன்றைய வசூலில் யாருக்கு எவ்வளவு என்று
அண்ணனும் தம்பியும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை.
கயிற்றின் இரண்டு முனையிலும்
சைகையிலேயே தொழில் நடந்தது.

சமதளத்தில் பிறந்து வளர்ந்த கால்கள்
இறக்கத்தைக் கண்டதும் விறைத்துக்கொள்ளும்.
“முட்டியை மடக்கு! முட்டியை மடக்கு!”
மதி தொண்டை கட்டக் கத்துவான்.
பாபநாசத்து நகைக்கடைக்காரர் ஒருவர்
உச்சியில் அரைமணி நின்றுவிட்டு
படி இருக்கா என்றார்.
திருப்பனந்தாள் கல்லூரிப் பெண்கள்
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு
ஊளையிட்டபடி போனார்கள்,
விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார்கள்.
ஒருத்தி மட்டும் அழுதாள். ஏனென்று கேட்கவில்லை.
காசு வாங்காமல்
இன்னொரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.

நான் சறுக்கியதில்லை.
கல்லாவை யார் பார்ப்பது?

மாசியில் தீர்ப்பு.
லாரிகள் விடியுமுன்னே வந்தன.
மலை முப்பதடி ஆனதும் டிக்கெட் இருபது.
இருபதடிக்குப் பத்து.
பிறகு சின்னப் பிள்ளைகள் மட்டும், சும்மா.
பிறகு அதில் நாய் படுத்துக்கொண்டது.
கடைசி லோடு எங்கே போகிறது என்றேன்.
வேளச்சேரியில் பதினாலாவது மாடி என்றான் டிரைவர்.
“நல்லபடியா மேலே போ” என்று
மணலைத்தான் சொன்னேன்.
அவன் முறைத்துக்கொண்டே கியர் போட்டான்.

ஆனியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது.
டில்லருக்கு மறுபடி சக்கரம் மாட்டிச்
சேற்றில் இறங்கினார் இவர்.
பரம்புப் பலகைக்குக் கனம் போதவில்லை,
ஏறி நில்லு என்றார்.

ஒரு சாண் தண்ணீர், கீழே தொளி.
வெடுக்கென்று இழுத்தது.
கால்கள் விறைத்தன.
வரப்பிலிருந்து மதி:
“அண்ணி, முட்டிய மடக்குங்க!”

மடக்கினேன்.
மேடென்று இருந்த கொஞ்சநஞ்சமும்
காலடியில் கரைந்து தட்டையாகிக்கொண்டே வர
மூன்று மா நிலம் முழுக்க
இறக்கமே இல்லாமல்
இறங்கிக்கொண்டிருந்தேன்.