சி படிவம்

மாடிப் போர்ஷனுக்கு வந்திருக்கிறாள் லியென்.
வெள்ளரிப்பட்டி ரப்பர் கம்பெனியில்
தரம் பார்க்கும் வேலை.
வெளிநாட்டாருக்கு வீடு விட்டால்
ஒரே நாளில் சி படிவம் ஏற்றிவிட வேண்டுமாம்.
பந்தடி ஐந்தாம் தெருவில்
நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது.

சொந்த ஊர்: ஹாய் ஃபோங்.
மூன்று முறை தப்பாக அடித்தேன்.
வந்த தேதி: மார்ச் பதினெட்டு.
வந்த காரணம்: வேலை.
அடுத்துப் போகும் இடம்?
தெரியாது என்பதை
அந்தக் கட்டம் வாங்க மாட்டேன் என்கிறது.

கீழே அடுப்படியிலிருந்து இவர்
எங்கள் பாஷையில் கத்துகிறார்,
குக்கருக்கு எத்தனை விசில் என்று.
"இது தமிழ் இல்லையே" என்றாள்.
ஆறு மாதத் தமிழ்தான், காது கூர்மை.
இல்லம்மா, சௌராஷ்ட்ரம்.
"அப்ப நீங்க எந்த ஊரு?"
மதுரைதான்.
"அதுக்கு முன்னாடி?"

அதுக்கு முன்னாடி
தறியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம் என்பார்கள்.
தேதி யாரிடமும் இல்லை.
முதல் ராத்திரி யார் வீட்டில் படுத்தோம்,
அந்த வீட்டுக்காரி வாசலில் நின்று
என்ன கேட்டிருப்பாள்?
கறி சமைப்பீங்களா என்றா?

நான் அதைத்தான் கேட்டேன் இவளிடம்.
மீன் மட்டும் என்றாள்.
இப்போது மொட்டைமாடி வெயிலில்
வாய்க்குத் துணி கட்டிய ஜாடி,
உள்ளே நெத்திலியும் உப்பும்.
எதிர்வீட்டு குப்புசாமி
மூக்கைப் பொத்தியபடி வந்து விசாரித்தார்.
கருவாடு என்றேன்.
முழுப்பொய் இல்லை.

நெட் வந்துவிட்டது.
அடுத்துப் போகும் இடம்: மாட்டுத்தாவணி
என்று அடித்துப் பார்த்தேன்.
ஏற்றுக்கொண்டது.