பதினொன்றரைக்குப் பின் சுத்தியல் கூடாது

அந்தக் கருவிக்குப் பெயர் உண்டு, விலையும் உண்டு,
நாற்பத்தைந்து பவுண்டு.
வாழ்நாளில் இரண்டே முறைதான் தேவைப்படும் என்றான்
தன் பழைய ஃபோர்க்கை எனக்கு விற்ற கோர்வென்காரன்.
இரண்டாவது முறை எதற்கென்று நான் கேட்கவில்லை.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்
கருவிகளுக்குப் பஞ்சமில்லை.
போன வசந்தத்தில் சரிவில் விழுந்து
என் காறை எலும்பு மூன்றானபோது
ஒரு தகடு, ஏழு திருகு,
எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருப்புளி.
எக்ஸ்ரே எடுத்தவள் என் பக்கத்து மேசைக்காரி.
வீட்டில் எனக்கென்று இருப்பது
சுத்தியல், ஹேக்ஸா பிளேடு,
கழுவுதொட்டிக்கு அடியில் மிஞ்சிப்போன
பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம்.

மாலையிலேயே தண்டை அறுத்துவிட்டேன்.
விற்றவன் நெட்டை, அவன் சைக்கிளும் நெட்டை.
பழைய ஃபோர்க்கைப் பக்கத்தில் படுக்கவைத்து அளந்தேன்,
எழுந்து போய்த் தேநீர் குடித்தேன்,
வந்து மறுபடி அளந்தேன்.
ஹோஸ் குழாயின் இறுக்குப் பட்டையைக் கோட்டின்மேல் முடுக்கி
அதன் விளிம்போடு பிளேடை நடத்தினேன்.
அறுபட்ட துண்டு உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது.
பிசிறை நக அரத்தால் தேய்த்தேன்.
நகத்துக்கு அந்த அரம் இனி ஆகாது.

அப்புறம் வளையம்.
தண்டின் அடியில், ஃபோர்க்கின் தோளில்
உட்கார வேண்டிய எஃகு வளையம்.
மயிரிழை சிறிது. சிறிதாய் இருப்பதுதான் அதன் வேலை.
குழாயை மேலே செருகி
ஒரே ஒரு அடி.
கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.
போன் மினுங்கியது:
"ஹெலெத், நெஸ்ட் இப்போதுதான் கண் மூடினாள். மாக்சென்."
அவ்வளவுதான்.
திட்டியிருந்தால் இன்னொரு அடி அடித்திருப்பேன்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், சரி.
அடிக்கவே கூடாதென்றால்?

வேதத்தில் பெதஸ்தா ஒரு குளம்.
எங்கள் பெதஸ்தா, கற்பலகைக் குவாரிக்குக் கீழே
ஒரே ஒரு நீளத் தெரு.
இரண்டுக்கும் பொது, காத்திருப்பது.
வெளியே மைனஸ் நான்கு.
ஒருக்களித்து நின்ற வளையத்தை ஆட்டிக் கழற்றி
ஓவனில் வைத்தேன், நேற்றைய லசான்யாவுக்குப் பக்கத்தில்.
ஃபோர்க்கைப் பின்பக்க இரும்புப் படியில் நிறுத்தினேன்.
ஒன்று விரியட்டும்,
ஒன்று குறுகட்டும்.
லசான்யாவை நின்றுகொண்டே தின்றேன்.

இரண்டு மணிக்கு
அடுப்புக் கையுறையோடு படிக்குப் போய்
தண்டின் தலையில் வளையத்தை விட்டேன்.
இறங்கியது.
டிக்.
சட்டைப் பித்தான் போடும் சத்தம்கூட இல்லை.
தோளோடு தோளாக, சந்தில் நகம் நுழையாமல்.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்,
அதுதானே விஷயமே.

மிச்சம் நட்சத்திர நட்.
அதற்குச் சூடும் குளிரும் ஒன்றுதான்.
முள்ளெல்லாம் மேல்நோக்கி வளைந்த சிறு நட்சத்திரம்,
குழாய்க்குள் அடித்துத்தான் இறக்க வேண்டும்.
போல்ட்டில் மாட்டி, வாயில் நேராய் நிறுத்தி,
சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாற்பதுக்கு நெஸ்ட் வீறிட்டாள்.
பல் முளைக்கிற அழுகை, தளமே அதிர்கிறது.
அடித்தேன்.
அவள் மூச்சு வாங்க, நான் ஓங்கிய கையோடு நின்றேன்.
அவள் தொடங்க, அடித்தேன்.
மூன்று. நான்கு.
ஐந்தாவதைத் தொடங்கிவிட்ட பிறகு
அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.
அந்த ஓர் அடி மட்டும் தன்னந்தனியாய்
கட்டிடம் முழுக்க நடந்து போனது.

வெகுநேரம் போன் மினுங்கவில்லை.
பிறகு,
"முடிந்ததா?"

முடிந்தது என்று எழுதுமுன்
எல்லாவற்றையும் பூட்டி, சக்கரம் மாட்டி,
முன் பிரேக்கைப் பிடித்து என் முழு எடையையும் போட்டேன்.
முக்கால் பங்கு இறங்கி
பெருமூச்சு விட்டு எழுந்தது.

மேசையைத் துடைக்கும்போது ஒரு வாஷர் கிடைத்தது.
எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.
ஃபோர்க்கை இருமுறை பார்த்தேன்.
சட்டைக்குள் கைவிட்டுக் காறை எலும்பையும் தடவிப் பார்த்தேன்.
ஏழும் இருக்கின்றன.